மூன்று மடைகளின் சுரம்

கார்த்திகை மழை பிடித்த ஐந்தாம் நாள், முதல் காக்கை கத்திய கையோடு வெள்ளூற்றுக் குளத்தின் கரை முனகத் தொடங்கியது. நாலாயிரத்து இருநூறு அடி நீளமும் மூன்று மடைகளும், மிச்சத் தண்ணீர் வழிந்தோட ஒரு மறுகாலும் உள்ள அந்தக் கரை, நடு மடைப் பக்கமிருந்து, வாயைத் திறக்காமல் ஒரு பெரிய மனுஷி பாடுவதைப் போல ஒரே சுரத்தில் முனகியது; விளக்கு வைக்கும் நேரம் வந்ததும் தானாகவே ஓய்ந்தது; மறுநாள் காக்கை கத்தியதும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது. கரைக்கு அடியில் இருநூற்றுப் பதினாலு வீடுகள் இருந்தன. அத்தனை வீட்டிலும் அன்று காலை பால் வாங்க வேண்டியிருந்தது, ஈர விறகை ஊதிப் பற்றவைக்க வேண்டியிருந்தது. ஆகவே கரை ஏன் முனகுகிறது என்று யாரும் கேட்கவில்லை. என்ன செய்தால் அது கோபித்துக்கொள்ளும் என்று மட்டும் கவனித்தார்கள்.

கவனித்ததில் ஒன்று தெரிந்தது. அந்தச் சுரத்துக்குப் பக்கத்தில், அதோடு ஒட்டியும் ஒட்டாமலும் வேறு ஒரு சுரம் கேட்டால் கரைக்குப் பொறுக்கவில்லை. உடனே உள்ளுக்குள் திம் திம்மென்று அதிர்ந்தது, நடு மடைக்குக் கீழே சேற்றுத் தண்ணீர் கசிந்தது. டீக்கடை ரேடியோவில் பாட்டு வந்தபோது மூன்று கூடை மண் சரிந்தது. அன்றோடு ரேடியோவைத் துணியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினார்கள். அம்மன் கோயில் மணிக்கு நாக்கில் சாக்குக் கட்டினார்கள், சர்ச் மணிக் கயிற்றைத் தூக்கி முடிச்சுப் போட்டார்கள். பஸ் டிரைவர் குளத்து வளைவில் ஹாரன் அடிப்பதை விட்டார். கண்டக்டர் இறங்கி முன்னால் நடந்து கையைக் காட்டி வண்டியைக் கொண்டுபோனார். பள்ளிக்கூடத்தில் வாழ்த்துப் பாட்டுக்குப் பதிலாகப் பிள்ளைகள் மனசுக்குள் நூறு எண்ணினார்கள். இரண்டு கல்யாணம் மேளம் இல்லாமல் நடந்தது, அதில் ஒன்றில் மாப்பிள்ளை வீட்டார், "இது என்ன எழவு வீடா?" என்று பந்தியில் பாதியில் எழுந்தார்கள். அவர்களைக் கரைக்குக் கூட்டிப்போய்ச் சரிந்த மண்ணைக் காட்டிய பிறகு திரும்ப வந்து உட்கார்ந்து பாயசம் குடித்தார்கள். பொதுப்பணித் துறையிலிருந்து வந்த பொறியாளர் ஆயிரத்து நூறு மணல் மூட்டை அடுக்கச் சொல்லிவிட்டு, பதிவேட்டில் கசிவு என்ற கட்டத்தில் 'முனகல் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனார்.

மணல் மூட்டையில் எண்பத்து மூன்று முதல் நாளே கரைந்துபோயின.

டெய்லர் ஞானப்பூவுக்கு இதெல்லாம் தன் வேலை இல்லை என்றுதான் தோன்றியது. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பகலில் ரவிக்கை தைப்பாள். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் சர்ச் பாடகர் குழுவில் வயலின் வாசிப்பாள். யாரோடும் அதிகம் பேசமாட்டாள். எண்ணுவாள். பாட்டில் எத்தனை வரி, வில்லை எத்தனை தடவை இழுத்தோம், பின்வரிசையில் எத்தனை பேர் கொட்டாவி விட்டார்கள் என்று எல்லாம் அவளிடம் கணக்கில் இருக்கும். வயலின் பலகையில் விரல் வைக்க வீணைக்கு இருப்பதைப் போல மெட்டு கிடையாது. வழுவழுவென்று இருக்கும், விரல் எங்கே போய் நிற்கிறதோ அதுதான் சுரம். அவள் இருபத்தொரு வயதில் குழுவில் சேர்ந்த வாரம், குழுத்தலைவர் ஆசீர்வாதம் சார் அவள் வாசிப்பைக் கேட்டு நெற்றியைச் சுருக்கி, காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரியை ஏழு பட்டைகளாக நறுக்கி, தன் ஆர்மோனியத்துக்குச் சரிபார்த்துப் பார்த்து அந்தப் பலகையில் குறுக்கே ஒட்டிவிட்டார். "இந்தக் கோட்டை விட்டு விரல் தாண்டப்பிடாது, கேட்டியா?" என்றார். அழுக்கானால் அதே இடத்தில் புதுசு ஒட்டிக்கொண்டு முப்பத்தொரு வருஷம் அவள் தாண்டவில்லை.

பதினோராம் நாள் சாயங்காலம் கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் பயிற்சி. சர்ச் கதவு ஜன்னலையெல்லாம் அடைத்து, சத்தம் வெளியே போகாதபடி மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். அப்படியும் ஒவ்வொரு வரிக்கும் தரை லேசாக அதிர்ந்தது. மழை ஈரத்தில் மூன்றாம் பட்டையின் பசை விட்டிருந்தது. ஞானப்பூவின் விரல் பட்டையோடு சேர்ந்து வழுக்கி, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே, எந்தப் பேரும் இல்லாத ஒரு இடத்தில் போய் நின்றது. ஆசீர்வாதம் சார் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்தார். பாடகர் பத்தொன்பது பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காது சிவந்து குனிந்தாள்.

சர்ச் கதவு இடிபட்டது. திறந்தால், தொடை வரை சேறோடு, கையில் கடப்பாரையோடு மாடக்கண்ணு நின்றார். அவர் குளத்துக்கு நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. கடப்பாரையைக் கரையில் குத்தி, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு உள்ளே மண் பேசுவதைக் கேட்பவர். அவர் உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றார்.

"இப்ப ஒரு சத்தம் வந்துதே, அது யாரு?"

ஆசீர்வாதம் சார், "தப்பு விழுந்துட்டுவே. இனி விழாது," என்றார்.

"சார், நடு மடையில கசிவு நின்னுட்டு," என்றார் மாடக்கண்ணு. "டெய்லரம்மா, நீங்கதானா? அந்தத் தப்பை இன்னொருக்க போடுங்க."

மறுநாளிலிருந்து ஞானப்பூ தையல் மிஷினை மூடிவைத்துவிட்டு, தார்ப்பாய்ப் பந்தலுக்கு அடியில், நடு மடைக் கல்லில் உட்கார்ந்து வாசித்தாள். கரையின் சுரத்தோடு அவள் சுரம் சேராதபோது இரண்டுக்கும் நடுவே சத்தம் ஏறி இறங்கி அலை அடித்தது. சேரச் சேர அலை குறைந்தது. ஒரு மூச்சுக்கு ஆறு அலை, நாலு அலை, ஒரு அலை என்று எண்ணிக்கொண்டே விரலை நகர்த்தினாள். அலை ஒன்றுமில்லை என்று ஆகும்போது கசிவு நிற்கும். மாடக்கண்ணு கடப்பாரையைக் கடித்தபடி விரலால் சைகை காட்டுவார். அவருக்குச் சுரத்தின் பேர் ஒன்றும் தெரியாது. தச்சர்களும் டெய்லர்களும் சொல்கிற நூல் கணக்கில்தான் சொல்வார். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல்.

"ஒரு நூல் கீழ. அரை நூல் மேல. நிக்கட்டும்."

அந்தக் கணக்கு அவளுக்குக் கையில் ஊறியது. முப்பத்தொரு வருஷமாக ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு ஒரே தாவாகத் தாவிப் போன விரலுக்கு, நடுவிலே எட்டு நூல் இருக்கிறது என்றும், ஒவ்வொரு நூலிலும் ஒரு சுரம் ஆள் இல்லாத வீடு மாதிரித் திறந்து கிடக்கிறது என்றும் இப்போதுதான் தெரிந்தது. குளத்தில் தண்ணீர் அளவுகல்லில் ஒரு கோடு ஏறினால் கரையின் சுரம் ஒரு நூல் இறங்கியது. நேற்று சரியாக இருந்த இடம் இன்று தப்பு. பாடகர் குழுவில் யாருக்கும் இது புரியவில்லை, டெய்லருக்குப் புரிந்தது. மார்பளவு மூச்சை இழுத்தால் ஒன்று, விட்டால் ஒன்று. எந்த மூச்சுக்குத் தைக்கிறோம் என்று தெரிந்து தைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதினாலாம் நாள் வடக்கு மடையும் முனகத் தொடங்கியது. அது வேறு சுரம். வயலின் கம்பிகளை ஒன்றுக்கொன்று ஐந்தாம் சுரமாகக் கட்டுவதுதான் அவள் படித்தது. அந்தக் கட்டில் இரண்டு மடையும் ஒன்றாக விழவில்லை. முழு நாளும் முறுக்காணியைத் திருகித் திருகி, இரண்டாம் கம்பியை வடக்கு மடைக்கு என்று தளர்த்தி, இதுவரை எந்த வயலினும் கட்டாத ஒரு கட்டுக்குக் கொண்டுவந்தாள். இரண்டு கம்பியையும் ஒரே வில்லால் சேர்த்து இழுத்தபோது, மறுகால் பக்கம் மேய்ந்த ஆடுகளெல்லாம் ஒரே திசையில் தலையைத் திருப்பின. ஊரும் இதற்குப் பழகிவிட்டது. பெண்கள் அவள் வாசிக்கிற சுரத்திலேயே பிள்ளைகளைத் தூங்கவைத்தார்கள். தெருவில் பேசுகிறவர்கள்கூடக் குரலைக் கொஞ்சம் இறக்கி அதோடு பொருத்திப் பேசினார்கள். மீன்காரர் மட்டும் தனக்கு அது வராது என்று சைகையில் மீன் விற்றார்.

பதினாறாம் நாள் தெற்கு மடை முனகியது. மூன்று சுரம். வயலின் வில்லுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கம்பிக்கு மேல் எட்டாது.

பஞ்சாயத்துத் தலைவி செண்பகவல்லி அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டாள். கூட்டத்துக்கு நூற்று நாற்பத்தோரு பேர் வந்தார்கள்.

"டெய்லரக்கா மேல எங்களுக்குக் குறை ஒண்ணும் இல்ல," என்றாள் தலைவி. "ஆனா ஒருத்தி விரலை நம்பி இருநூத்திப் பதினாலு வீடு இருக்க முடியாது. விரலு வழுக்கும். அக்காவுக்குக் காய்ச்சல் வரும். இப்ப மூணாவது வேற வந்துட்டு."

"ஆர்மோனியத்துல மூணு என்ன, பத்துக் கட்டையைச் சேந்து அமுக்கலாம்," என்றார் ஆசீர்வாதம் சார். அவருக்கு எழுபத்து நாலு வயது. வஞ்சகம் இல்லாமல்தான் சொன்னார். "அதுல விரல் வழுக்குற பேச்சே இல்ல. சுரம்னா பன்னெண்டுதான். இந்தக் கரை அந்தப் பன்னெண்டுக்குள்ளதான் எங்கயோ கிடக்கணும். ஏளா ஞானப்பூ, நீ சொல்லு. பொட்டியில இந்தச் சுரம் இருக்கா இல்லியா?"

நூற்று நாற்பத்தோரு பேரும் அவளைப் பார்த்தார்கள். பெட்டியில் அது இல்லை என்று அவளுக்குத் தெரியும். மூன்று மடையின் சுரமும் கட்டைகளுக்கு நடுவேதான் விழுகின்றன, கிட்டத்தில் உள்ள கட்டைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சுக்கு இரண்டு அலை வித்தியாசம் என்று எண்ணியே வைத்திருந்தாள். வாயைத் திறந்தாள். சாரின் நெற்றியைப் பார்த்தாள். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள்.

பின்னால் நின்ற மாடக்கண்ணு கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பதினேழாம் நாள் காலை பத்து மணிக்கு ஆர்மோனியம் லோடு ஆட்டோவில் கரைக்கு வந்தது. மழை கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது; தண்ணீர் அளவுகல்லின் கடைசிக் கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது. ஞானப்பூ வயலினை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். ஆசீர்வாதம் சார் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, இடது கையால் துருத்தியை அசைத்து, வலது கை விரலால் மூன்று கட்டைகளை ஒன்றாக அமுக்கினார்.

முதலில் எல்லோரும் நல்லது என்றே நினைத்தார்கள். மூன்று சுரமும் கணீரென்று, ஆடாமல் அசையாமல் நின்றன. அப்புறம் அலை வந்தது. ஒரு மூச்சுக்கு இரண்டு. அது நிதானமான, பெரிய அலை. குளத்துத் தண்ணீர் முழுவதும் அதற்குத் தக்கபடி தூளி மாதிரி ஆடத் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கரையில் ஒரு அறை விழுந்தது. ஞானப்பூ எண்ணினாள். பதினெட்டாவது அறையில் மணல் மூட்டை வரிசை மொத்தமாக உருண்டது. இருபத்திரண்டாவதில் வடக்கு மடைக்குமேல் ஒன்பது அடி நீளத்துக்குக் கரையின் உச்சி சரிந்து, கீழே நாலு வீட்டு முற்றத்தில் தண்ணீர் இறங்கியது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"சார், நிறுத்துங்க," என்றாள் ஞானப்பூ. அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"நான் பிடிச்சிருக்கது சரியான சுரம்," என்றார் சார். கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"சரியான சுரந்தான் சார். இங்க உள்ள சுரம் இல்ல. நேத்தே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன். கையை எடுங்க."

இருபத்தாறாவது அறைக்கு மடைக் கல் ஆடியது. சார் கையை எடுத்தார்.

ஆனால் கிளப்பிவிட்ட தண்ணீர் அடங்கவில்லை. மூன்று மடைகளும் இப்போது ஓரிடத்தில் நிற்காமல் சுரத்தைக் கீழே கீழே இழுத்துக்கொண்டு போயின, மேட்டிலிருந்து இறங்குகிற பாரவண்டி மாதிரி. ஞானப்பூ வயலினைத் தோளில் ஏற்றி இரண்டு கம்பியில் வில்லைப் போட்டாள். கரை வழுக்கிக்கொண்டு போன இடத்துக்கெல்லாம் விரலும் வழுக்கிப் போக வேண்டியிருந்தது. போகிற வழியில், புதுசாக ஒட்டியிருந்த மூன்றாம் பட்டை வந்தது. விரல் அங்கே நின்றுவிட்டது. முப்பத்தொரு வருஷப் பழக்கம், யாரும் சொல்லாமலே நின்றது. அந்த ஒரு நொடிக்கு ஒரு அறை விழுந்து, மாடக்கண்ணு நின்ற இடத்தில் கரை ஒரு சாண் இறங்கியது. அவர் கடப்பாரையை விடவில்லை. கடித்த வாயிலிருந்து ரத்தம் கடப்பாரை வழியாக வழிந்தது. இரண்டு பல் போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

அவள் வில்லைக் கக்கத்தில் இடுக்கினாள். நூலைக் கடிப்பதுபோல வாயை வைத்து, முதல் பட்டையைப் பல்லால் உரித்துத் துப்பினாள். இரண்டாவது. மூன்றாவது. ஏழையும் உரிக்க ஏழு அறை விழும் நேரம் ஆனது; அந்த ஏழும் அவள் கணக்கில்தான் விழுந்தன. கிணற்றின் விளிம்பில் கால் வைப்பதுபோல வெறும் பலகையில் விரலை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நாலு அலை, மூன்று, ஒன்று. நடு மடை அடங்கியது. இரண்டாம் விரலை ஒரு நூல் இறக்கினாள். வடக்கு மடை அடங்கியது.

தெற்கு மடை ஆடிக்கொண்டே இருந்தது.

"சார்," என்றாள் கண்ணைத் திறக்காமல், "தெக்கு மடையை நீங்க பிடிங்க."

"பொட்டி இல்லாமலா? என்னால எப்படிளா?"

"பாடுங்க சார். ஒங்க தொண்டையில யாரும் பிளாஸ்திரி ஒட்டல."

ஆசீர்வாதம் சார் வாயைத் திறந்தார். ஐம்பது வருஷமாக ஆர்மோனியம் காட்டின இடத்தில் மட்டுமே நின்ற குரல், பழகின படியில் போய் நின்றது. மாடக்கண்ணு இரண்டு விரலைத் தரையைப் பார்த்துக் காட்டினார்: இரண்டு நூல் கீழே. சார் இறக்கினார், அது அடுத்த படிக்குத் தாவிவிட்டது. மாடக்கண்ணு தலையை ஆட்டினார், ஒரு விரலை மேலே காட்டினார். சாரின் கழுத்து நரம்பு புடைத்தது, மழையும் கண்ணீரும் சேர்ந்து தாடையில் ஓடியது. எல்லாக் கட்டையையும் கைவிட்டு, இருட்டில் சுவரைத் தடவுகிறவரைப் போலக் குரலைத் தடவித் தடவிக் கொண்டுபோனார். மூன்று அலை. இரண்டு. ஒன்று. மாடக்கண்ணு விரலை மடக்கினார்.

தண்ணீர் ஆட்டத்தை நிறுத்தியது.

கரையில் நின்றவர்களில் பாடத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும், ஒரு மூச்சு போனால் அடுத்த மூச்சு தூக்கிக்கொள்ளும்படி சாரின் சுரத்தைப் பிடித்தார்கள். தலைவி செண்பகவல்லி மண்கூடையைத் தலையில் வைத்தபடியே பாடினாள். ஒன்பது அடி உடைப்பில் ஆண்கள் பனந்தடியை இறக்கி மண்ணைக் கொட்டினார்கள். கூடை மாற்றுகிறவர்களும் வாயை மூடவில்லை. ஏழு மணி நேரமும் இருபது நிமிஷமும் அப்படிப் போனது. விளக்கு வைக்கும் நேரத்தில் கரை தானாக ஓய்ந்தபோது ஞானப்பூவின் இடது கையை நிமிர்த்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அன்று வீட்டை இழந்தவர்கள் நாலு குடும்பம். உயிரை இழந்தவர் யாரும் இல்லை. அந்த நாலு குடும்பத்துக்கும் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்தபோது, ஞானப்பூ ஒவ்வொரு பாய்க்கும் போய், "நான் நேத்தே சொல்லியிருக்கணும்," என்று நாலு தடவை சொன்னாள். மூன்று பேர் அவள் கையைப் பிடித்தார்கள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இருபதாம் நாள் மழை விட்டது. மறுகால் பாய்ந்து தண்ணீர் இறங்க இறங்க, மடைகள் ஒவ்வொன்றாக வாயை மூடின. பொறியாளர் மறுபடி வந்து, எந்தச் சுரத்தில் வாசித்தீர்கள், அதை எழுத வேண்டும் என்று பதிவேட்டை விரித்தார்.

"பதினேழாம் நாள் காலையில உள்ளதா, சாயங்காலம் உள்ளதா?" என்று கேட்டாள் ஞானப்பூ. "அதுக்கு நடுவுல நாப்பத்தாறு இருக்கு."

அவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனார்.

கிறிஸ்துமஸ் அன்று காலை சர்ச் நிறைந்திருந்தது. ஆர்மோனியம் துருத்தி நனைந்து மூலையில் கிடந்தது. ஆசீர்வாதம் சார் வெறும் கையோடு குழுவுக்கு முன்னால் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். அப்புறம் ஞானப்பூ பக்கம் திரும்பினார்.

"ஒரு சுரம் குடும்மா," என்றார்.

முப்பத்தொரு வருஷத்தில் சுரம் கேட்டது எப்போதும் அவள், கொடுத்தது அவர். அவள் வயலினை எடுத்தாள். பலகையில் பசையின் தடம் ஏழு கோடாக மங்கலாகத் தெரிந்தது. அதைப் பார்க்காமல் வாசல் பக்கம் பார்த்தாள். படியிலே மாடக்கண்ணு கடப்பாரையை மண்ணில் ஊன்றி, மிச்சமிருந்த பல்லால் கடித்துக்கொண்டு நின்றார். ஒரு விரலைக் கீழே காட்டினார். அவள் ஒரு நூல் இறக்கினாள். அவர் விரலை மடக்கினார். பிறகு கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

சார் பாடினார், பத்தொன்பது பேர் பாடினார்கள், முழு ஊரும் பாடியது. மழை விட்டுப் பத்தொன்பது நாள் ஆகி, தண்ணீர் ஐந்து கோடு இறங்கிப்போன குளத்திலிருந்து நடு மடையும் கூடவே முனகியது. யாரும் பாட்டை நிறுத்தவில்லை, ஜன்னல் பக்கம் எட்டிப் பார்க்கவும் இல்லை. ஞானப்பூ மட்டும் பழக்கத்தில் கண்ணை மூடி, இரண்டுக்கும் நடுவே எத்தனை அலை என்று எண்ணப் போனாள். முதல் வரி போனது, இரண்டாம் வரி போனது. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.